ஒளு முறியட்டும் என்று கேட்ட துஆ

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் என் வயிறு கல்லாகிவிட்டது. பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவன் நான். குர்பானிக் கறியின் வேலைதான் என்று சோடா குடித்துப் பார்த்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், குடல் முறுக்கிக்கொண்டது என்று சொல்லி அன்றே வயிற்றைத் திறந்தார்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் குடல் வேலை செய்யவில்லை. மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ். வாய்க்கு ஒரு சொட்டுக் கஞ்சி கிடையாது. டாக்டர் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"காத்து பிரிஞ்சுதா பாய்?"

இல்லை என்பேன். ஐந்தாம் நாள், "நாளைக்குள்ள பிரியலைன்னா மறுபடி திறந்து பார்க்க வேண்டி வரலாம்" என்றார். இன்னொரு தடவை தாங்க மாட்டேன் என்று பயந்தேன்.

காற்று பிரிந்தால், தொழுவதற்காகக் கை கால் முகம் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிடும். நாற்பது வருஷமாகப் பள்ளிவாசல் வரிசையில் நின்று, அது வந்துவிடக் கூடாதே என்று பயந்தவன் நான். இப்போது அதையே கையேந்தித் துஆவில் கேட்டேன். "யா அல்லாஹ், ஒரே ஒரு தடவை" என்று அழுதேன்.

"படுத்துக்கிட்டே கேட்டா எப்படி பாய்? எழுந்து நடந்துக்கிட்டே கேளுங்க" என்றார் சிஸ்டர். தையல் பிரிந்துவிடும் என்று சொல்லி, அதுவரை நடக்காமல் அவரை ஏமாற்றி வந்தேன். அன்று என் மனைவி ஹபீபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மூன்று நடை நடந்தேன். அடிக்கொரு துஆ.

அஸர் நேரம், சாயங்காலத் தொழுகை. ஒளு செய்து, நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். நான்கு சுற்றுத் தொழுகையில் மூன்றாம் ரக்அத்தில் வயிற்றுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். வந்தேவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அடக்கிக்கொண்டேன். நாற்பது வருஷப் பழக்கம். தொழுகையை முழுசாக முடித்துவிட்டு ஹபீபாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அஞ்சு நாளா வரலைன்னு அழுது கேட்டீங்க. அவன் அனுப்பி வச்சான். நீங்க வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டீங்களா?" என்றாள்.

போனது திரும்பி வரவில்லை. மன்னிப்புக் கேட்டபடியே மறுபடி நடந்தேன். ஹபீபா கூடவே வந்தாள்.

பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிபில், முதல் ரக்அத்திலேயே வந்தது. இந்தத் தடவை நான் குறுக்கே நிற்கவில்லை. வார்டு முழுக்கக் கேட்டது.

"தொழுகை முறிஞ்சுதா?" என்று ஹபீபா கேட்டாள்.

"முறிஞ்சிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முந்தானையில் முகத்தை மூடி அழுதாள். நானும் அழுதேன். அதே ஆபரேஷன் முடிந்து பக்கத்துக் கட்டிலில் கிடந்த கீழ்வேளூர் விவசாயி, "நமக்கும் ஒண்ணு கேட்டு வைங்க பாய்" என்றார். மறுபடி ஒளு செய்து மஃரிபைத் தொழுது, அவருக்கும் சேர்த்துக் கேட்டேன்.

மறுநாள் கஞ்சி கொடுத்தார்கள். பிரியாணிக்குக்கூட நான் அப்படி நன்றி சொன்னதில்லை. இப்போதெல்லாம் ஒளு முறிந்தால் முகம் சுளிப்பதில்லை. ஒரு நன்றி சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போகிறேன்.

சகோதரர்களே, தயங்காமல் கேளுங்கள். எழுந்து நடந்துகொண்டே கேளுங்கள். பதில் வந்தால் மட்டும், தயவுசெய்து, அடக்காதீர்கள்.