வயர் கட்டும் மிஷினும் எங்கள் அண்ணனும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படிப்பட்ட நினைவு மலர்களில் மறைந்தவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அண்ணனை அப்படி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அவர் நம்முடைய பொறுமையைத்தான் சோதித்தார். அதுவும் நான்கு வருடம்.

பரளச்சிப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் மூன்றாம் வகுப்போடு நின்று, திருச்சுழியில் மோட்டார் ரிப்பேர் கடையில் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பாலிடெக்னிக் வரை படித்தது அவருடைய உழைப்பால். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி வருவதெல்லாம் புகார்.

கல்யாணத்துக்குப் பின் அருப்புக்கோட்டைக்குக் குடிவந்து, வீட்டிலேயே வயர் கட்டும் வேலை எடுத்தார். டிராக்டருக்குள் ஓடும் வயர்களை அளவாக வெட்டி, பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து, சாணுக்கொரு முடிச்சாக மெழுகு நூலால் கட்டித் தர வேண்டும். முடிச்சுப் போட்டவர் மதினி. அவர் பிறந்த வீட்டில் பூக்கட்டுவார்கள்; அந்த முடிச்சையே வயரிலும் போட்டார். பூவுக்கு நூலை இறுக்க வேண்டியதில்லை, வயருக்கு இறுக்க வேண்டும். விரல்கள் வெடித்து, குழம்பு பட்டால் எரியும் என்று மதினி கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தார். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "அடுத்த பொங்கலுக்குள்ள ஒன் கையில நூலு படாது. மிஷினு கட்டும்."

முதலில் வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் மிஷினுக்குப் போனது. மதினி மறுபடி ஆட்டுரலில் உட்கார்ந்தார். "கொழுந்தனாரே, ஒங்க அண்ணனுக்கு ஏதாச்சும் வெளங்குதா? கை நோகக்கூடாதுன்னு மிஷினு செய்றவுக, என்னைய மாவாட்ட விட்டுட்டாகளே!" என்பார். அடுத்து என் சைக்கிள் செயின். பரீட்சை நாளன்று காலையில்தான் அது மிஷினுக்குள் ஓடுவதைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன்.

அப்புறம் முடிச்சைப் படிக்கும் படலம். மதினியை எதிரே உட்கார வைத்து, "மெதுவாக் கட்டு" என்பார் அண்ணன். வேகமாகக் கட்டியே பழகிய கை. "மெதுவாக் கட்டுனா எனக்கே மறந்து போகுதுங்க" என்று மதினி நூலைப் போட்டுவிட்டு எழுந்துபோவார். கடைசியில், டிராயிங் படித்தவன் என்று என்னை அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எந்தக் கை வளையம் போடுகிறது, எந்தக் கை இழுக்கிறது என்று அழகாகப் படம் வரைந்து கொடுத்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்து அண்ணன் இரும்புக் கைகள் செய்தார். அவற்றை ஆட்ட அந்தக் கிரைண்டர் மோட்டாரை மாட்டினார். ஒரு முடிச்சு முடிந்தால் வயர் தானாக ஒரு சாண் நகரும். நகர்ந்ததற்கு அடையாளமாக அழைப்பு மணி ஒன்று அடிக்கும். எல்லாம் நடந்தது. முடிச்சு மட்டும் நிற்கவில்லை. லேசாக இழுத்தால் அவிழ்ந்து வந்தது. நாள் முழுக்க மணி அடிக்க, தெருவே காதைப் பொத்தியது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் கேட்பார்: "ஏலே, ஒங்கண்ணன் மிஷினு கட்டுதா, அவுக்குதா?"

மூன்று வருடம் அண்ணன் இரும்பைக் கழற்றி மாட்டினார். நான் வேலைக்குப் போன பிறகு அவரிடம் கத்தியிருக்கிறேன். "விட்டுத் தொலைங்கண்ணே. படிக்காத வேலையில எறங்குனா இப்படித்தான்." இன்று இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒருநாள் உதிர்ந்த நூலைப் பொறுக்க மிஷினுக்குப் பின்னால் போன மதினி அப்படியே நின்றார். மிஷின் கைகளோடு தன் கைகளையும் அசைத்துப் பார்த்தார்.

"ஏங்க, எடது கை செய்றத இது வலது கையில செய்யுது. எதுத்தாப்ல உக்காந்து பாத்தா அப்படித்தான தெரியும்?"

டிரங்குப் பெட்டியிலிருந்து என் படத்தை எடுத்தோம். இடமும் வலமும் மாறிக் கிடந்தன; நூலின் முறுக்குக்கு எதிராகச் சுற்றியதால்தான் முடிச்சு பிடிக்கவில்லை. மூன்று வருடமும் அண்ணன் தன் இரும்பைச் சந்தேகப்பட்டார், தன் கையைச் சந்தேகப்பட்டார்; படித்த தம்பியின் காகிதத்தை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அண்ணனோ, "விடுலே, நானும் அதே பக்கந்தான உக்காந்திருந்தேன்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

அந்த வாரமே முடிச்சு நின்றது. அடுத்த பொங்கலுக்கு மதினி கையால் பிசைந்து சாப்பிட்டார். அண்ணன் தன் இலையைக் கவனிக்காமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் மோட்டாரை மட்டும் கடைசிவரை திருப்பித் தரவில்லை. நாற்பத்து மூன்று வயதில் நெஞ்சுவலி வந்தது, இரண்டே நாளில் போய்விட்டார்.

வேன் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர்களுக்கும், அந்த மணியைப் பொறுத்துக்கொண்ட தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அன்று கேலி பேசிய டீக்கடைக்காரர்தான் பாடைக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். அவருக்குத் தனியே நன்றி.

வெளியூர் உறவினர்களுக்கு இந்த மலரை இருபது இருபதாகக் கட்டி அனுப்புகிறோம். கட்டியது அண்ணனின் மிஷின். மதினி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். நூலை இழுத்துப் பார்க்க வேண்டாம், அவிழாது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.