கதவம்மாவின் ஏழாவது காந்தம்

கதவம்மா என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவள் அறைப் பலகையில் லேசர் பாதுகாப்பு அதிகாரி என்று எழுதியிருந்தது. அதை வாயால் சொன்னவர்கள் யாருமில்லை. பதினோரு வருடமாகக் கதவு கதவு என்று உயிரை விட்டவளுக்கு வேறென்ன பெயர் வரும்?

அவள் வேலையில் சேர்ந்தபோது அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை லேசர் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. நாற்பது இருக்கலாம் என்றார் பதிவாளர். அறை அறையாக ஏறி இறங்கி எண்ணினாள், இருநூற்றுப் பன்னிரண்டு. ஓர் அறையில் ஒளிக்கற்றை நாற்காலியில் உட்காருபவரின் கண் உயரத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. பாதுகாப்புக் கண்ணாடிகள் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. பேராசிரியர்களைப் பயிற்சிக்கு வரவைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. "முப்பது வருஷமா இதே வேலைதான் பண்றேன், என் கண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்ட பெரியவர் ஒருவர், அவள் நீட்டிய படிவத்தைக் கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் படித்தார்.

அவளுடைய பெருமையெல்லாம் லேசர் அறைகளில் அவள் மாற்றியமைத்த நாற்பத்தொரு கதவுகள்தான். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சிறு சுவிட்ச். கதவு திறந்தால் காந்தம் விலகும், அந்த நொடியே லேசர் அணைந்துவிடும். முதல் வருடம் வசவு மழைதான். யாராவது தெரியாமல் கதவைத் திறந்தால் அரை நாள் சோதனை பாழ். வீட்டுக்கு வந்து கணவன் முன்னால் அழுவாள். அவர் அதே பல்கலைக்கழகப் பணிமனையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். இரண்டாம் வருடம் புகார்கள் சட்டென்று நின்றன.

"பழகிட்டாங்க, பாத்தீங்களா?" என்று குதித்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் அவர்.

துப்புரவுப் பெண்களுக்கு மட்டும் அவளே நேரில் பயிற்சி கொடுப்பாள். படிவம் கிடையாது, படம் கிடையாது. "மேல சிவப்பு விளக்கு எரிஞ்சா உள்ள போகாதீங்க. தப்பித் தவறித் திறந்துட்டாலும் பயப்படாதீங்க, கதவைத் திறந்தா வெளிச்சம் செத்துடும். அதுக்கு நான் பொறுப்பு" என்பாள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கே ஒரு கர்வம் வரும்.

ஒரு புதன்கிழமை முற்பகல். இரண்டாம் மாடியில் ஓர் ஆய்வகத்தின் சிவப்பு விளக்கு ஃபியூஸ் போயிருந்தது. துப்புரவுப் பெண் வாளியோடு உள்ளே நுழைந்தாள். பச்சை ஒளி அணையவில்லை. வாளியின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. கீழே விழுந்த துணியை எடுக்க அவள் குனிந்திருந்தாள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"நீங்க சொன்னதை நம்பித்தாம்மா திறந்தேன்," என்றாள் அவள்.

கதவம்மா நிலையைத் தடவிப் பார்த்தாள். சுவிட்சின் மேல் ஒரு சின்ன அலுமினிய மூடி, உள்ளே ஒரு காந்தம். கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாகச் சுவிட்ச் நம்பிக்கொண்டிருக்கும். மூடியின் விளிம்பு வழவழவென்று இருந்தது, அதைச் சுற்றி மெல்லிய இரண்டு கோடுகள். அவள் வீட்டு இழுப்பறைக் குமிழ்களில் இருக்கிற அதே இரண்டு கோடுகள். செய்கிற சாமானிலெல்லாம் அவள் கணவர் போடுகிற கோடுகள். 

நேராகப் பணிமனைக்குப் போனாள். மூடியை இயந்திரத்தின் மேல் வைத்தாள். அவர் கழிவுத் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆய்வகத்துல கேட்டாங்க, செஞ்சு குடுத்தேன்."

"எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? அத்தனை பேரும் உன்னைத் திட்டித் தீர்த்தாங்க. நீ வந்து அழுவே. இதைக் குடுத்ததும் வாயை மூடிக்கிட்டாங்க. உனக்காகத்தான் செஞ்சேன்."

"என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு எனக்காகன்னு வேற சொல்றீங்களா? ஒன்பது வருஷமா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே!"

அவர் துணியை மடித்து வைத்தார்.

"எத்தனை?"

"ஆறு. ரொம்பத் திட்டுனவங்களுக்கு மட்டும். உன் மேல சத்தியமா ஆறுதான்." ஆறு அறை எண்களையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஆறையும் பிடுங்கினாள். இத்தனை காலம் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று யோசித்தபோது தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கதவுகளைச் சரிபார்க்கப் போவதற்கு ஒரு வாரம் முன்பே தேதி சொல்லிவிடுவாள், அதை மரியாதை என்று நினைத்திருந்தாள். ஆய்வகக்காரர்களும் மரியாதையாக மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

விபத்துப் படிவத்தில் 'பாதுகாப்பைச் செயலிழக்கச் செய்த கருவியைத் தயாரித்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருந்தது. பேனா நகரவில்லை. 'பணிமனை' என்று மட்டும் எழுதினாள். பெண்டாட்டி எழுதிய எழுத்து அது, அதிகாரி எழுதியதல்ல. அவளுக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை, மீதி முப்பத்தைந்து கதவுகளையும் யாருக்கும் சொல்லாமல் பார்க்கப் போனாள். அவரைச் சந்தேகப்பட்டு அல்ல, அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தெட்டாவது கதவில் ஏழாவது மூடி இருந்தது. இரண்டு கோடுகள். அலுமினியம் இன்னும் புதுப் பளபளப்பு மாறாமல் இருந்தது.

ஆய்வகப் பொறுப்பாளர் ஓடி வந்தார். "போன வாரம்தான் மேடம் வாங்கினோம். உங்க வீட்டுக்காரர்தானே குடுத்தாரு? உங்களுக்குத் தெரியும்னுதான் எல்லாரும் நினைச்சிட்டிருக்கோம்."

எல்லாரும். பதினோரு வருடப் பயிற்சியில் அவள் தொண்டை வற்றப் பேசியதையெல்லாம், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

அறைக்கு வந்து 'பணிமனை' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். கணவனின் பெயரை முழுதாக எழுதினாள். 'உங்களுக்கு உறவினரா?' என்ற கேள்விக்கு 'ஆம், கணவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையை வரவைத்தது.

பிறகு முகம் கழுவிக்கொண்டு, மாடிப்படியில் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்ணைத் தேடிப் போனாள்.

"இனிமே நான் சொன்னேன்னு எந்தக் கதவையும் திறக்காதீங்க," என்றாள். "தட்டுங்க. உள்ள இருக்கிறவங்க வந்து திறந்தா மட்டும் போங்க."

"அப்போ நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமா, சொன்னேன்," என்றாள் கதவம்மா.