ஏழாவது வார்த்தை

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் ஜெராக்ஸ் கடைக்குள் வந்த காது, பிளாஸ்டிக் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அக்கா, எல்லாம் போச்சு" என்றாள்.

காது என்பது அவள் பெயரில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. எதையோ மென்றுகொண்டே பேசுகிற டாக்டர், மின்விசிறிக்கு அடியில் நின்று பேசுகிற டாக்டர் என்று யாருக்கும் விளங்காத பதிவையெல்லாம் அவள் தலையில்தான் கட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்பாள், கடகடவென்று அடித்துத் தள்ளுவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அவள் வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எது புது நெளிசல், எது பழைய நெளிசல் என்று எழுதிக் கொடுக்கிறவர். குரலை உயர்த்த மாட்டார், கை நீட்டியதும் கிடையாது. ஆனால் வண்டியைப் பார்ப்பது போலவே வீட்டையும் பார்ப்பார். கடை ரசீது, போனில் வந்த அழைப்பு, கம்ப்யூட்டரில் என்னென்ன பார்த்திருக்கிறாள் என்ற பட்டியல், எல்லாம் சாயங்காலம் அவர் கண்ணுக்கு வந்தாக வேண்டும். மதியம் சரியாக ஒரு மணிக்கு வீட்டு லேண்ட்லைனுக்கு போன் செய்வார். மூன்றாவது தடவை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். வேலையை விடு என்று அவர் சொன்னதே இல்லை. "உனக்கு இங்க என்ன குறை?" என்று கேட்டார், அவ்வளவுதான். பதில் சொல்லத் தெரியாமல் இவள் வேலையை விட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண் குழந்தையின் புகைப்படம் பிரிண்ட் எடுக்க வந்தவள், ஆள் இல்லாத நேரம் பார்த்து மெல்லக் கேட்டாள். "அக்கா, அவருக்குத் தெரியாம வேலை செய்ய வழி இருக்கா?"

வழி என்னிடம் இருந்தது. கடைக்கு வருகிற பென் டிரைவ்களில் பாதிக்கு மேல் வைரஸ்தான். மூன்று முறை என் கம்ப்யூட்டர் படுத்த பிறகு, இதற்கென்றே உள்ள ஒரு சமாச்சாரத்தை நான் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு பென் டிரைவுக்குள் தனி சிஸ்டமே குடியிருக்கும். அதைச் செருகிவிட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தால், மெஷின் தன் சொந்த சிஸ்டத்தை விட்டுவிட்டு இதில் ஓடும். உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்கைத் தொடவே தொடாது. உருவி எடுத்தால் நடந்த எதற்கும் தடயம் இருக்காது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஓரிடம் மட்டும் பென் டிரைவிலேயே இருக்கும். நம் முக்கியமான சரக்கை அதில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் பதிவுகளைக் கேட்டு டைப் அடித்து அனுப்ப ஆரம்பித்தாள். சம்பளத்தை வங்கியில் வாங்க முடியாது. இருந்த ஒரே கணக்கு கூட்டுக் கணக்கு, அதன் மெசேஜ் எல்லாம் அவர் போனுக்குப் போகும். அதனால் வங்கியே தேவைப்படாத இன்டர்நெட் காசான கிரிப்டோவில் வாங்கினாள். அந்தக் காசைத் திறக்கிற வாலட்டும் பென் டிரைவின் பூட்டிய இடத்தில்தான். மூன்று மணிக்கே கம்ப்யூட்டரை அணைத்து, அதன் முதுகுப்பக்கம் டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பாளாம். அவர் வந்ததும் தொட்டுப் பார்ப்பார், சூடு இருக்கக் கூடாது.

எதற்காகச் சேர்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவளே சொன்னாள். "நானும் பாப்பாவும் தனியா இருக்கணும்னா ஒரு அட்வான்ஸ், ஆறு மாச வாடகை. அது போதும்."

அந்த பென் டிரைவைத்தான், பாப்பாவின் ஹேர் கிளிப் டப்பாவில் கிடந்ததென்று, அவர் எடுத்துவிட்டார். செருகிப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் திறக்கவில்லை. 'எல்லாவற்றையும் அழித்து பார்மட் செய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறியவள், பாட்டுப் பெட்டியில் அது செருகியிருப்பதைப் பார்த்தாள்.

"கெட்டுப்போய்க் கிடந்துச்சு, சரி பண்ணி உனக்குப் புடிச்ச பாட்டா போட்டு வெச்சேன்" என்றாராம், சந்தோஷமாக.

போகவர மூன்று மணி நேரம் அந்தப் பாட்டையெல்லாம் கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள்.

"அழாத. பன்னெண்டு வார்த்தை எங்க?" என்றேன்.

வாலட் ஆரம்பிக்கும்போது அது பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைக் கொடுக்கும். பென் டிரைவ் எரிந்து சாம்பலானாலும், அந்த வார்த்தைகளை அதே வரிசையில் வேறொன்றில் போட்டால் பணம் திரும்பி வந்துவிடும். ஆனால் பன்னிரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

கைப்பையிலிருந்து பாப்பாவின் பழைய டிக்டேஷன் நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் குழந்தை எழுத்து மாதிரியே கோணல்மாணலாகப் பன்னிரண்டு வார்த்தைகள். எனக்கு மூச்சு வந்தது.

"அப்புறம் என்னடி, இருக்கே!"

"அதுல ஏழாவது பொய் அக்கா. யார் கையிலயாவது சிக்கினா திறக்கக் கூடாதுன்னு, அந்த ஒண்ணை மட்டும் மாத்தி 'பென்சில்'னு எழுதுனேன். நெஜ வார்த்தை மனசுல இருந்துச்சு. நேத்து வரைக்கும் இருந்துச்சு. இப்ப வரமாட்டேங்குது." இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "புதன்கிழமை பதினோரு மணிக்கு ஹால்ல கேமரா மாட்ட ஆள் வரான். பாதுகாப்புக்காம். அதுக்கப்புறம் நான் செருப்பு மாட்டுனாகூட அவர் போன்ல தெரியும்."

அன்று அவள் போன பிறகு புது பென் டிரைவ் ஒன்று தயார் செய்தேன். அந்த வார்த்தைகளெல்லாம் ஒரே பட்டியலிலிருந்து வருகிறவை, மொத்தம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. அதைப் பதினோரு தாளில் பிரிண்ட் எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு வந்தாள். பன்னிரண்டே முக்காலுக்குள் கிளம்ப வேண்டும், ஒரு மணி போன் இருக்கிறது.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நடுநடுவே அடையாள அட்டை காப்பி வேண்டும், பக்கத்துக்கு என்ன விலை என்று ஆட்கள். எழுந்து எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். 'காட்டன்' என்றதும் கையை உயர்த்தினாள். ஏழாவது இடத்தில் போட்டுப் பார்த்தோம், தவறு என்றது. 'லேடர்', தவறு. 'லேம்ப்' என்றபோது "இதுதான் அக்கா, இதுதான்!" என்று என் தோளைப் பிடித்தாள். போட்டேன். திறந்துகொண்டது.

உள்ளே பூஜ்யம்.

"எடுத்துட்டாரு" என்றாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாம் தெரிஞ்சுதான் பாட்டு போட்டுக் காட்டிருக்காரு." வாயைப் பொத்திக்கொண்டு கடையின் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள்.

தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. தப்பான வார்த்தையிலும் பதினாறில் ஒன்று பொருந்திப் போகும், பொருந்தினால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காலி வாலட் திறக்கும். இதை அவளுக்குப் புரியவைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. தண்ணீர் குடித்தாள். "வாசிங்க" என்றாள்.

எட்டாவது தாள். ஒன்பதாவது தாள். என் தொண்டை கட்டிவிட்டது. இப்போது அவள் கையை உயர்த்தவே பயந்தாள். பதினோராவது தாளில் 'அம்ப்ரெல்லா' என்று வாசித்துவிட்டு நான் அடுத்ததற்குப் போய்விட்டேன். அவள் உதடு அந்த வார்த்தையை மெல்லுவது தெரிந்தது.

"என்ன?"

"தெரியலக்கா. போடுங்க."

திறந்தது. இரண்டு வருஷமும் உள்ளே இருந்தது. அழுவதற்குக்கூட நேரமில்லை, மணி பன்னிரண்டு ஐந்து.

அதை விற்றுப் பணமாக்க, கிரிப்டோ விற்கிற தளத்தில் நான் திறந்து வைத்திருந்த கணக்கின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். முகவரி என்றால் நீளமான எழுத்தும் எண்ணும். காப்பி செய்து ஒட்டும்போதே சில வைரஸ்கள் அதை வேறொருவன் முகவரியாக மாற்றிவிடும். அதனால் திரையில் இருந்ததை அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் என் போனில் சரிபார்த்தேன். இரண்டு தடவை. அனுப்பினோம். 'உறுதிசெய்யப்படவில்லை' என்று வந்தது. வரும், நேரமாகும் என்றேன். பன்னிரண்டு முப்பது. நாற்பது. அப்படியேதான் நின்றது.

"நான் போகணும் அக்கா."

"போ. வந்துடும்."

"வந்தா எப்படித் தெரியும் எனக்கு?"

அவளுக்கு நான் போன் செய்ய முடியாது, மெசேஜ் அனுப்ப முடியாது. வெயிலில் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டே போனாள். இரண்டு மணி போல உறுதியானது. அன்று விலை சரிந்திருந்தது, அவள் கணக்குப் போட்டு வைத்திருந்ததில் முக்கால்வாசிதான் தேறியது. சாயங்காலமே விற்றேன். மறுநாள் வங்கி திறந்ததும் முதல் ஆளாக நின்று எடுத்து வந்தேன்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு, யூனிபார்ம் போட்ட பாப்பாவோடு வந்து நின்றாள். ஸ்கூல் பையில் புத்தகம் இல்லை, இரண்டு செட் துணி, ஒரு துண்டு, சான்றிதழ்கள். பணம் வந்ததா என்று தெரியாமலே கிளம்பி வந்திருக்கிறாள்.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. கொஞ்சம் கம்மி."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, யூனிபார்ம் அழுக்காகும்னு என்னை மட்டும் திட்டுவ, நீ கீழ உக்காரலாமா?" என்றது குழந்தை. கவரை வாங்கி எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டாள். போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பத்தே முக்கால் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எங்கள் பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி வேறு ஊரில் ஒரு அறை பேசி வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் சர்வேயர் கடைக்கு வந்தார். எப்போதும் போல மெதுவாகத்தான் பேசினார். "அவ எங்கன்னு உங்களுக்குத் தெரியும்ங்க. அவளுக்கு நான் என்ன குறை வெச்சேன், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். நான் தெரியாது என்றேன்.

பணம் நாலு மாதத்தில் தீர்ந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் காதில் ஹெட்போனோடு டைப் அடித்து அவள் சமாளித்தாள். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் வேலை செய்ய முடியாமல், திரும்பிப் போய்விடலாமா என்று எனக்கு போன் செய்து கேட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கென்ன உரிமை? "நாளைக்குக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கூப்பிட்டாள், போகவில்லை என்றாள். அப்புறம் கோர்ட் வந்தது. மாதம் இரண்டு ஞாயிறு குழந்தை அப்பாவிடம் போகிறது. அவள் கிளம்பிப் போய் இப்போது நாலு வருஷம் ஆகிறது.

போன வாரம் பேசினோம். ஆஸ்பத்திரி ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது, தன் பெயரில் தனிக் கணக்கு. ஆனாலும் போன் மணி அடித்தால், யாராக இருந்தாலும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுதான் எடுக்க வருகிறதாம். பாப்பா அதைப் பார்த்துச் சிரிக்கிறாளாம்.