கீழ் வீட்டு டிவி

கீழ் வீட்டுக்காரியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். என் மகள் என்னிடம் பேசாததையெல்லாம் அவளிடம்தான் பேசினாள். பெற்றவளுக்கு எரியாமல் என்ன செய்யும்?

மகள் அப்போது பிளஸ் டூ. திருநின்றவூரில் எங்கள் ஃபிளாட் முதல் மாடியில்; அந்தக் கீழ் வீட்டுக்காரி நேர் கீழே. பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடு எப்படி இருக்க வேண்டுமோ, அப்படித்தான் நான் வைத்திருந்தேன். பள்ளி திறந்ததுமே கேபிளைத் துண்டித்தாயிற்று. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. சொந்தக்காரர்களையும் பரீட்சை முடியட்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டோம். ரயிலில் நசுங்கி வீடு வரும் என் கணவர் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவார். மிக்ஸி ஓடுவது மகள் பள்ளிக்குப் போன பிறகுதான்.

தீபாவளிக்கு அப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வந்ததும் படுத்துவிடுவாள். ஆசை ஆசையாக வரைந்துகொண்டிருந்தவள் பென்சிலைத் தொடவில்லை. கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா." அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஆவடியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மனச்சோர்வு என்றார். இதற்கு ஒரே காரணம் இருக்காது, பலதும் சேர்ந்து வரும் என்றார். நான் செல்போனைச் சொன்னேன், வகுப்புத் தோழிகளைச் சொன்னேன்.

"வீட்டில் எப்படி?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல ஒரு சத்தம் கிடையாது டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள் சாயங்காலமானால் கீழே இறங்கிவிடுவாள். அது ஒரு வீடா? டிவி அலறும். கீழ் வீட்டுக்காரியின் இரண்டு பையன்களும் கட்டிப் புரண்டு சண்டை போடுவார்கள். அதற்கு மேல் அவள் குரல். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒருநாள் என் மகள் சிரிப்பது மாடிப்படி வரை கேட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை மாதம் வாயைக் கட்டி வாழ்ந்தவள் நான். சிரிப்பு மட்டும் கீழ் வீட்டுக்காரிக்கா?

கையோடு இழுத்து வரத்தான் இறங்கினேன். கதவு திறந்திருந்தது. அவள் எனக்கு முதுகு காட்டி, என் மகளோடு சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா கண்ணு, டெய்லி இங்கியே குந்திகினு கீற. உங்கம்மா ஒண்ணியும் சொல்லாதா?"

"மேல இருந்தா மூச்சு முட்டுது ஆன்ட்டி" என்றாள் என் மகள். "எல்லாரும் எனக்காகவே சத்தம் போடாம இருக்காங்க. மார்க் வரலைன்னா அவங்க மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்? இங்க எனக்காக யாரும் டிவியக் குறைக்கிறதில்ல."

நான் வந்த வழியே திரும்பப் பார்த்தேன். அதற்குள் கீழ் வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டாள்.

"வாக்கா, வந்து குந்து" என்று எனக்கு மரியாதையாக ரிமோட்டை எடுத்தாள். மகளின் முகம் சட்டென்று வாடியது.

"குறைக்காதீங்க, இருக்கட்டும்" என்றேன்.

சோபாவில் ஓரமாக நிறைய இடம் இருந்தது. நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.