குடை பிடித்து விட்ட நீராவிப் படகு

என் வலது கை ஆடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வாசிக்கிற நீங்களும் மற்றவர்களைப் போல ஓரக்கண்ணால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திருநெல்வேலி டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் காலையில் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடக்கும். பிறகு அது பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிடும்.

கை ஆடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அரை டம்ளர் காப்பியைத்தான் பொறுக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் எல்லோருக்கும் டம்ளர் நிறைய வரும், எனக்கு மட்டும் பாதி. நான் சிந்திவிடுவேனாம். “மெல்ல டீச்சர், மெல்ல” என்று சொல்லிக்கொண்டே ஒரு கை நீண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கும். தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத்தில் இரும்பு கடையச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும், எடுத்துப் போடு, புதிதாகக் கடை என்று விரட்டியவள். எனக்குப் போய் அரை டம்ளர்!

தென்காசியில் நான் தனியாக இருக்கிறேன். ஒரே மகள் சென்னையில். போன வருடம் வெந்நீர்ப் பானையை இறக்கும்போது கை ஆடி, காலில் கொட்டிக்கொண்டேன். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை ரயிலில் மகள் வந்து இறங்கிவிட்டாள். என் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். மேசைமேல் ஒரு படகு கிடந்தது.

படகு என்றால் முழுப் படகு இல்லை, வெறும் உடம்பு. கை நீளத்துக்கு வெள்ளை பைபரில் வார்த்த ஓடு. பக்கத்து வீட்டுக்காரியின் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். அந்த ஊரில் இப்படி மாதிரிப் படகு கட்டுகிறவர்களுக்கென்றே கடை இருக்கிறது. நான் சொன்னேன் என்று தேடிப் பிடித்து வாங்கி, கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காலத்து நீராவிப் படகு ஒன்றின் சின்ன உருவம் அது. அந்த ஓடும், பின்னால் சுழலும் பித்தளை விசிறியும், அதன் தண்டும் குழாயும், ஒரு வரைபடமும் மட்டும்தான் பெட்டியில் வரும். கொதிகலன், எஞ்சின், மேல்தளம் எல்லாம் நாமே செய்துகொள்ள வேண்டும்.

அதற்காகத்தான் வாங்கினேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் உதிரி பாகங்களாகக் கடைந்து தள்ளியிருக்கிறேன். தானாக மூச்சு வாங்கி ஓடுகிற ஒரு முழு எஞ்சினை என் கையால் செய்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு செய்யலாம் என்றிருந்தேன். ஓய்வு வந்தபோது கூடவே இந்த நடுக்கமும் வந்து தொலைத்தது. அதற்காக ஆசையைத் தூக்கிப் பரணில் போடச் சொல்கிறீர்களா?

“என்னம்மா இது?” என்றாள் மகள்.

“நீராவிப் படகு. செய்யப் போறேன்.”

“வெந்நி எறக்க முடியல, கப்பல் செய்யப் போறியாக்கும்! ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?”

“ஆமாட்டி, பிடிச்சிருக்கு. இப்ப அதுக்கு என்னங்குற?”

பழைய சண்டை திரும்ப ஆரம்பித்தது. வீட்டை விற்றுவிட்டு அவளோடு சென்னைக்கு வந்துவிட வேண்டும். இந்தத் தடவை வீட்டுத் தரகரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். என்னைக் கேட்காமல்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“நான் இதச் செஞ்சு தண்ணியில ஓட்டிக் காட்டுனா என்ன செய்வ?”

“ஓட்டு பாப்போம். இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு, யாரும் தொடாம ஓடட்டும். அதுக்கப்புறம் வீட்டப் பத்தி வாயே தெறக்க மாட்டேன். ஓடலன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு எங்கூடக் கிளம்பணும். சரியா?”

“சரி.”

வாய்தான் சரி என்றது. அவளை ரயிலேற்றிவிட்டு வந்து, தனியாக அந்த ஓட்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பொம்மையை நம்பி வீட்டையே பணயம் வைத்துவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். கிழிந்த தலையணை உறையில் மணலை நிரப்பி, அதன்மேல் ஓட்டைக் கவிழ்த்து வைத்தேன். இன்னொரு மணல் பையில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு, விசிறித் தண்டு போகிற துளையைப் போட்டேன். பாதியில் கை தூக்கிப் போட்டது. துளை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. சவத்து மூதி கை! வட்ட அரத்தால் ராவித் துளையைப் பெரிதாக்கி, குழாயை நேர் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் ரெசின் ஊற்றி அடைத்தேன். காய்ந்ததும் தண்டைச் சுழற்றிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை.

திருகாணிகள்தான் என் உயிரை எடுத்தன. எள்ளு மாதிரி இருக்கும். ஒன்றை எடுத்து வைப்பதற்குள் விழுந்து உருண்டுவிடும். ஒருநாள் விழுந்ததையே திரும்பத் திரும்பப் பொறுக்கி, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

“நான் மாட்டித் தரட்டா டீச்சர்?”

“வேண்டாம்டி. நீ மாட்டுனா அது ஒன் படகு.”

அவள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து, அவள் வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதைத் திருப்புளியின் கழுத்தில் ஒட்டியதும் திருகாணி நுனியைக் கவ்விக்கொண்டது. அதற்கப்புறம் ஒன்றுகூட விழவில்லை.

எஞ்சினைக் கடைய, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பட்டறையில் லேத் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மாதான் கிடக்கிறது, ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். அங்கேதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். லேத்தில் வெட்டுகிற உளியை இயந்திரம் பிடித்துக்கொள்ளும், நாம் கைச்சக்கரத்தைத் திருப்பினால் போதும். சக்கரத்தை விரல் நுனியால் தொட்டால் கை ஆடியது. உள்ளங்கை முழுவதையும் கொடுத்து இறுக்கிப் பிடித்தால் கப்பென்று நின்றது. இத்தனை நாளாக ஊரே “மெல்ல, மெல்ல” என்று சொன்னதைக் கேட்டு மெல்லப் பிடித்துத்தான் சிந்தியிருக்கிறேன்! கட்டைவிரல் பருமனில் சிலிண்டரும், அதற்குள் வழுக்கிப் போகிற பிஸ்டனும் அந்த லேத்தில் பிறந்தன. அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது சின்னப் பிள்ளையாட்டம் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

கொதிகலனில் மட்டும் வீம்பு காட்டவில்லை. தடித்த செம்புக் குழாய்க்கு இரண்டு பக்கமும் மூடி வைத்து, வெள்ளிப் பொடி போட்டு உருக்கிப் பத்தவைத்தேன். அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் உள்ளே பச்சைத் தண்ணீரை நிரப்பி, பம்பால் அழுத்திப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் தண்ணீர் முத்துக் கட்டியது. மறுபடி பத்தவைத்தேன். ஆவி கூடினால் தானாகத் திறந்துவிடுகிற வால்வையும் வைத்தேன். கொதிகலனை உட்கார்த்தியதும் படகு தலை கனத்து ஒரு பக்கம் சாய்ந்தது. டயர் கடையில் சக்கரத்துக்குச் சமன் பார்த்து ஒட்டுகிற ஈயக்கட்டிகளை வாங்கி அடியில் ஒட்டினேன். நிமிர்ந்துகொண்டது. கொதிகலனுக்கு அடியில் ஸ்பிரிட் அடுப்பு. பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் விட்டால், டொக்கு டொக்கு என்று அடித்துக்கொண்டு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடியது.

மகளுக்குப் போன் போட்டேன். “வாட்டி. வந்து பாரு.”

அவள் வந்தபோது குற்றாலத்தில் சீசன் நல்ல உச்சத்தில் இருந்தது. ஐந்தருவிக்குப் போகிற வழியில், மிதி படகு விடுகிற குளம் ஒன்று இருக்கிறது. கூட்டம் வருவதற்கு முன்னால் காலையிலேயே ஆட்டோவில் கிளம்பினோம். மடியில் படகோடு நான் ஏறி உட்கார்ந்தால், அவள் கையில் ஒரு கறுப்புக் குடை.

“சாரலுக்கு எவளாவது குடை பிடிப்பாளாட்டி? பாக்குதவன் சிரிப்பான். நல்லாச் சென்னைக்காரி ஆயிட்ட.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடையை மட்டும் விடவில்லை.

படகுத் துறையில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். “கொள்ளாமே, நல்லாருக்கே!” என்றார். “விடுங்கம்மா, கூட்டம் வரதுக்குள்ள விட்டுப் பாத்துருங்க.” தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்து, ஆவி ஏறும்வரை காத்திருந்தேன். எஞ்சின் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினேன். டொக்கு டொக்கு என்று பிடித்துக்கொண்டது. குளத்தில் இறக்கிக் கையை எடுத்தேன்.

ஓடியது. நேராக, தலையை நிமிர்த்திக்கொண்டு, குட்டியாக ஒரு புகையை விட்டுக்கொண்டு ஓடியது. பக்கத்தில் நின்ற மகளைக் காணவில்லை. பார்த்தால் கரையோரமாகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறாள். “போ, போ, போயிரு, நிக்காத!” என்று கத்துகிறாள். அது போய்ச் சேர்ந்தால் தோற்கப் போவது அவள்தான். அந்த நினைப்பே அவளுக்கு இல்லை.

பாதிக் குளத்தில் சாரல் வந்தது. எங்கள் ஊர்ச் சாரலை நாங்கள் மழை என்று சொல்வதில்லை. வெயில் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து காற்றோடு பொடியாக வந்து தூவிவிட்டுப் போகும். அதில் நனைவதற்கென்று வெளியூர்க்காரர்கள் வண்டி பிடித்து வருவார்கள். நாங்கள் அதற்காகத் துணியைக்கூடக் கொடியிலிருந்து எடுப்பதில்லை. அடுப்புக்கு ஒரு தடுப்பு வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனதும் அதனால்தான். ஸ்பிரிட் அடுப்புக்கு இதெல்லாம் தெரியுமா? அணைந்துவிட்டது. டொக்கு டொக்கு மெதுவாகி, நின்றது. படகு குறுக்காகத் திரும்பி அசைந்துகொண்டிருந்தது.

துறைக்காரர் மிதி படகில் போய் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். மகள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கண்ணெல்லாம் நீர்.

“இது கணக்குல வராதும்மா. மழ வந்துட்டுல்லா.”

“சாரல எவட்டி மழைம்பா?”

“எனக்கு மழதான். நல்லாத்தான ஓடிச்சி, நான் பாத்தேன்லா! இன்னொரு தடவ விடும்மா.”

“அதெல்லாம் இல்ல. பந்தயத்துல தோத்தாச்சு, தோத்ததுதான்.” படகைத் துறைக் கல்லில் வைத்தேன். “ஆனா நான் வரமாட்டேன்.”

“அது எப்படி?”

“அப்படித்தான். என் வீட்டுல நான் இருக்கதுக்கு இந்தப் பொம்ம உத்தரவு குடுக்கணுமாட்டி? இது ஓடுனா இருக்கலாம், நின்னா கிளம்பணும்னதுக்கு நானே சரின்னேன் பாரு, எனக்குத்தான் கூறு இல்ல. கை ஆடும். இன்னும் கூடத்தான் ஆடும். இன்னொரு நாளும் கால்ல கொட்டிக்கிடுவேன். அப்பமும் அது என் அடுப்பு.”

“எனக்குப் பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான் பயமா இருக்கு. பயந்துக்கிட்டே இங்கன இருக்கேன். இருக்க விடு.”

சாரல் விடுவதாக இல்லை. நான் முந்தானையால் அடுப்பைத் துடைத்து, திரியை மாற்றி, ஸ்பிரிட் ஊற்றினேன். தீக்குச்சியை உரசினேன். காற்று அணைத்தது. அடுத்ததை என் கையே ஆடி அணைத்தது. அதற்கடுத்ததை எடுக்கும்போது மகளின் கை என் மணிக்கட்டுக்கு நீண்டு வந்தது.

“கைய விடு. குடையப் பிடி.”

அவள் கையை இழுத்துக்கொண்டாள். குடையை விரித்து, என் தலைக்கு இல்லை, படகுக்குப் பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் நனைந்தோம். நான் குச்சியை இறுக்கிப் பிடித்து உரசினேன். அவள் ‘மெல்ல’ என்று சொல்லவில்லை. திரி பற்றிக்கொண்டது.

ஆவி ஏறியதும் தண்ணீரில் விட்டேன். அவள் போய் மிதி படகில் ஏறினாள். துறைக்காரர் மிதிக்க, அவள் பக்கவாட்டில் வளைந்து, என் படகுக்கு மேலே குடையை நீட்டிப் பிடித்தபடியே கூடப் போனாள். முதல் கூட்டம் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. ஒரு பொம்மைப் படகுக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் தொப்பலாக நனைந்து போகிற பெண்ணைப் பார்த்து அத்தனை பேரும் சிரித்தார்கள். படகு ஓடி அக்கரைப் புல்லில் முட்டி நின்றது. பந்தயம் முடிந்த பிறகு ஓடிய ஓட்டம் எந்தக் கணக்கிலும் சேராது. எனக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது ஐந்தருவி ரோட்டில் ஒரு காப்பிக் கடையில் நின்றோம். கடைக்காரர் என் கையைப் பார்த்தார், டம்ளரைப் பாதியில் நிறுத்தினார்.

“நெறைய ஊத்துங்க அண்ணாச்சி,” என்றாள் மகள்.

ஊற்றினார். இறுக்கிப் பிடித்து வாங்கினேன். கொஞ்சம் சிந்தியது. மிச்சத்தைக் குடித்தேன்.