அமைதியான அறையில் எல்லாம் சரி

இயக்கத்தில் போராளியாக இருந்தபோது ஷெல் துண்டொன்று என் தலைக்குள் பாய்ந்தது. கை காலுக்கு ஒன்றுமில்லை. அதனால் பார்ப்பவர்களுக்கு நான் சுகமான ஆள். வீட்டில் எப்படி என்பது மனைவிக்குத்தான் தெரியும். தேத்தண்ணீர் போடவென்று அடுப்பை மூட்டிவிட்டு, எதற்குக் குசினிக்குள் வந்தேன் என்பதை மறந்து முற்றத்தில் நடந்துகொண்டிருப்பேன். ஓரிடத்தில் இருக்கமாட்டேன்.

போன மாதம் அவள் என்னை மன்னார் டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனாள். இளம் பெண். சில சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். சொன்னேன். முள்ளும் எண்களுமாக மணிக்கூடு வரையச் சொன்னார். வரைந்தேன். மின்விசிறியைத் தவிர அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"நல்லாச் செய்யிறீங்கள். பெரிய குறை ஒண்டும் தெரியேல்லை," என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். மனைவி மருந்தெடுக்கப் பாமசி வரிசையில் நின்றபோது, "நான் போய் மீன் வாங்கியாறன்," என்றேன்.

"வேண்டாம். இதில இருங்கோ."

"டொக்டரே சொல்லிப்போட்டா. நீ ஏன் பயப்பிடுறாய்?"

அரை மனதோடு விட்டாள்.

சந்தை வாசலில் லொத்தர்ச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி அலறியது. பக்கத்தில் பேருந்துகளின் ஹோர்ன். "அண்ணை, பாரை!" என்று ஒருவர், "இஞ்ச வாங்கோ, விளைமீன்!" என்று இன்னொருவர். எல்லாம் ஒரே இரைச்சலாகிவிட்டது. கால்கள் நிற்க மறுத்தன. கதவு திறந்திருந்த ஒரு பேருந்தில் ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பேருந்து பாலத்தில் ஏறியது, இரண்டு பக்கமும் கடல். எங்கள் வீடும் டவுனைப் போலவே தீவுக்குள். வீட்டுக்குப் போகிற வழியில் பாலம் கிடையாது. பிழை என்று விளங்கியது. அடுத்து என்ன செய்வது என்பதுதான் வரவில்லை.

"எங்க இறங்கிறது?" என்றார் கொண்டக்டர்.

"வீட்டை."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"ஐயோ அண்ணை, இது தீவுக்கு வெளியால கொண்டச்சிக்குப் போற பஸ்!"

பாலம் கடந்ததும் இறக்கிவிட்டார். வெயிலில் அங்கும் இங்கும் நடந்தேன். போன் அடித்தது.

"எங்க நிக்கிறீங்கள்?" என்றாள் மனைவி.

"தெரியேல்லை."

"முன்னால என்ன தெரியுது? அதை மட்டும் சொல்லுங்கோ."

"மாடு."

"மாட்டுக்குப் பின்னால?"

"கடைப் பலகை."

"வாசியுங்கோ."

வாசித்தேன். அவள் ஓட்டோவில் வந்து சேரும்வரை போனை வைக்கவில்லை. வந்ததும் ஏசினாள், பிறகு அழுதாள். வீட்டுக்குப் போகவில்லை, ஓட்டோவை நேரே டொக்டரிடம் விடச் சொன்னாள். நான் வெட்கத்தில் தலை குனிந்திருக்க, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

டொக்டர் குறுக்கிடாமல் கேட்டார். "ஞாபகம் இருக்குது. சத்தத்துக்குள்ள நிண்டு முடிவெடுக்கிறதுதான் கஷ்டம். இந்த அமைதியான அறைக்குள்ள வைச்சுப் பாக்கேக்க அது எனக்குத் தெரியேல்லை," என்றார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, சனம் கூடுவதற்கு முன்னால், ஒரே கடையில் என்று பழகச் சொன்னார்.

இப்போது காலையில் பக்கத்துப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறேன். மனைவி வாசல் படலையில் நின்று பார்ப்பாள், கூட வரமாட்டாள். சில நாள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவேன். நேற்றுக் கடையில் மூன்று பேர் ஒரேயடியாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வேர்த்தது. வெளியே ஓடவேண்டும் போலிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, பாணைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

"இது முந்தநாள் பாணெல்லோ! கல்லு மாதிரிக் கிடக்கு. அமத்திப் பாக்கிறேல்லையே?" என்று மனைவி சத்தம் போட்டாள்.

ஊரில் எல்லாப் புருஷன்மாரும் வாங்குகிற ஏச்சு. சிரித்துக்கொண்டே கேட்டேன்.