வளைந்த கம்பி எந்தப் பக்கம்

என் அண்ணன் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் டீசல் என்ஜின் ஓட்டினான். கோவில்பட்டியில் ஒரே வீட்டில் இருந்தோம்; நான் அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன். அட்டைக்கும் குச்சிக்கும் பசைக்கும் பஞ்சமில்லாத இடம். தான் ஓட்டுகிற என்ஜினை முழ நீளத்தில் செய்து தா, டிவி மேல் வைக்கவேண்டும் என்று கேட்டது அவன்தான். கூடவே ஒரு நிபந்தனை.

"செஞ்சா அதே என்ஜினா இருக்கணும்லே. பொதுவா ஒரு என்ஜின் எனக்கு வேண்டாம்."

அட்டையில் என்ஜினின் கூடு முடிந்து பெயிண்ட் அடித்திருந்த சமயத்தில்தான் அது நடந்தது. ஊருக்குத் தெற்கே வளைவில், தண்டவாளத்தில் ஏறிவிட்ட ஆடுகளை விரட்ட ஓடிவந்த ஒரு பெண் அண்ணனின் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனாள். அவன் மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சொன்னால் ஆச்சா? லீவு போட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்தான். வாசலுக்கும் கொல்லைக்கும், கொல்லைக்கும் வாசலுக்கும். நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. லீவு முடிந்தால் மறுபடி என்ஜினில் ஏறுவானா, ஏறமாட்டானா என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் கவலை. அவனிடம் கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினிதான், அரைகுறையாகக் கிடக்கிற பொம்மையை முடித்துவிடுங்கள், அதையாவது உங்கள் அண்ணன் நிமிர்ந்து பார்க்கிறாரா பார்ப்போம் என்றாள்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு சைக்கிளை மிதிப்பேன். அந்த என்ஜின் என்றைக்கு எந்த வண்டியை இழுத்து வரும் என்று யாருக்குத் தெரியும்? பல நாள் வேறு ஏதோ ஒன்று வந்து நின்று புகை கக்கிவிட்டுப் போகும். அதைத் திட்டிக்கொண்டே திரும்புவேன். அதுவே வந்துவிட்டாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் பிளாட்பார முனைக்கு ஓடி, ஹார்ன் எங்கே இருக்கிறது, எந்தக் கதவில் கைப்பிடி உடைந்திருக்கிறது, எங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று கண்ணால் அள்ளிக்கொண்டு வரவேண்டும். ஆபீசில் மேனேஜர், என்னவே, ரயில்வேயில் சேர்ந்துட்டீரா என்று கேலி பேசுவார். எனக்கு ஆத்திரமாக வரும்.

தீக்குச்சியைச் சீவிக் காற்றுப் போகும் பட்டைகள் வைத்தேன். கட்டுக்கம்பியில் கைப்பிடிகள் செய்தேன். எல்லாம் சரி, ஆனால் என்ஜின் புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. ஓடுகிற என்ஜினில் அழுக்கு வேண்டாமா? கொல்லையில் கரிசல் மண்ணை அள்ளித் துணியில் சலித்து, ஆபீஸ் பசையில் குழைத்து மேலெல்லாம் பூசினேன். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது காய்ந்தால் என்ன செய்யும் என்று தெரியவேண்டாமா? மறுநாள் பார்த்தால் கோடையில் காய்ந்த கரிசல்காட்டு நிலம் போலப் பாளம் பாளமாக வெடித்து, பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு நிற்கிறது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நடந்துகொண்டிருந்த அண்ணன் நின்றான்.

"ஏலே, என்ஜின் மேல காட்டையா பூசி வச்சிருக்க?"

அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது. அடுப்படியிலிருந்து மதினி எட்டிப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மண்ணுக்காக அல்ல.

சுரண்டி எடுத்து மறுபடி பெயிண்ட் அடித்தேன். இந்தத் தடவை விளக்குக் கரியை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான். என்ஜினுக்கு முன்னால், தண்டவாளத்தை ஒட்டித் தொங்குகிற கம்பித் தடுப்பு. ஆடுமாடு சக்கரத்துக்குள் போய்விடாமல் தடுப்பது, 'கேட்டில் கார்டு' என்பார்கள். அந்த வாரம் ஸ்டேஷனில் என்ஜினை எதிரே நின்று பார்த்தபோது, என் வலது கை ஓரத்தில் அதன் கடைசிக் கம்பி உள்ளே வளைந்திருந்தது. முன்பு அது நேராக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எப்போது வளைந்தது என்று யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அதைச் செய்வதா, விடுவதா? வளைத்தேன், நிமிர்த்தினேன், மறுபடி வளைத்தேன். அதே என்ஜினாக இருக்கவேண்டும் என்றவன் அவன். ஆனால் இதைப் பார்த்தால் அவனுக்கு என்ன ஆகும்? லீவு முடிய இரண்டு நாள் இருந்தது. தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், நானும் அவனைப் போலவே நடக்க ஆரம்பித்திருந்தேன். கடைசியில் வளைத்தபடியே மேசையில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் என்ஜினை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கையில் என் குறடு.

"ஏலே, தப்பா வச்சிருக்க. இந்தப் பக்கம் இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிரே நின்று பார்த்ததை, மேசையில் என்ஜினை எனக்கு முதுகு காட்டி வைத்துக்கொண்டு அப்படியே வலது பக்கம் செய்திருக்கிறேன். அவன் வலது கம்பியை மெல்ல நிமிர்த்தினான். இடது கம்பியைப் பிடித்து உள்ளே வளைத்தான்.

"நான் உக்காந்திருந்த பக்கந்தான் வந்தா. ஆட்ட விட்டுட்டு என்னையப் பாத்தாளே. ஹார்ன அடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

பிறகு வாய்விட்டு அழுதான். மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லீவு முடிந்த அன்று டூட்டிக்குப் போனான். கொஞ்ச மாதம் கழித்து ஒரு மத்தியானம் அதே என்ஜின் வந்து நின்றது, ஜன்னலில் அவன். பிளாட்பார முனைக்கு ஓடினேன். தடுப்பு முழுக்கப் புதுசு, கம்பியெல்லாம் நேர். வீட்டில் இருப்பதையும் நிமிர்த்திவிடவா என்று கீழே நின்று கேட்டேன்.

"வேண்டாம்லே. அது அப்படியே இருக்கட்டும்."

வண்டி கிளம்பியது. தெற்கே அந்த வளைவு தாண்டும்வரை ஹார்ன் சத்தம் நிற்கவேயில்லை.